நோதெ என்றால் ‘பிகாஸ்’ என்று சொல்லிக்கொடுப்பவர்களுக்கு

ஜப்பானிய மொழி படிக்கச் சேர்கிற ஒருவர் முதல் ஆறு மாதத்துக்குள் ஒரு பட்டியலை உருப்போட்டுவிடுகிறார். கரா என்றால் பிகாஸ். நோதெ என்றாலும் பிகாஸ். கா என்றால் பட். கெதோ என்றாலும் பட். நோனி என்றால் ஆல்தோ. தோ, பா, தரா, நரா நான்குமே இஃப். நோட்டுப் புத்தகத்தின் நடுவில் ஒரு கோடு, இடது பக்கம் ஜப்பான், வலது பக்கம் இங்கிலீஷ். பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஒரு தடவை புரட்டினால் போதும், பாஸ்.

அந்தப் பட்டியல் பொய். ஆரம்ப நிலைக்கு இது போதும், போகப்போகப் புரியும் என்று வாத்தியார்கள் சமாதானம் சொல்வார்கள். போகப்போகப் புரிவதில்லை, கெட்டிப்படுகிறது. ஒரு மொழி ஒரே வேலைக்கு நான்கு ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்காது. நான்கு சொல் இருந்தால் நான்கு வேலை இருக்கிறது. அந்த நான்கு வேலை என்ன என்பதைத்தான் பட்டியல் மறைக்கிறது.

(உச்சரிப்புக்காக ஒரு வார்த்தை: தமிழ் எழுத்தில் ஜப்பானிய ஒலி முழுசாக வராது. ‘கா’ என்பதில் கங்கையின் க. ‘தகரா’ என்பதன் முதல் எழுத்து தயவின் த. மற்றதை ஊகித்துக்கொள்ளலாம்.)

சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஜப்பானிய மொழித் தேர்வில் என்3 பாஸ். டோக்கியோ வாடிக்கையாளரிடமிருந்து மெயில் வருகிறது: வெள்ளிக்கிழமை வர வேண்டிய பைல் ஏன் வரவில்லை? இவர் பதில் எழுதுகிறார். சர்வர் நின்றுவிட்டது, கரா, தாமதமாகிவிட்டது. தகரா, திங்கட்கிழமை அனுப்புகிறேன். வினைமுடிவு சரி, மரியாதை விகுதி சரி, எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. பாடப்புத்தகம் முழு மார்க் போடும். டோக்கியோவில் படிக்கிறவர் காதில் விழுவது என்ன தெரியுமா? ‘சர்வர் படுத்துடுச்சு, அதுக்கு நான் என்ன பண்றது? அதான் திங்கக்கிழமை அனுப்பறேங்கறேன்ல!’

இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஒரு வெளிநாட்டுக்காரர் வேற்றுமை உருபைத் தப்பாகப் போட்டால், வினைச்சொல்லைத் தப்பாக முடித்தால், கேட்கிற ஜப்பானியருக்கு அது தப்பு என்று உடனே தெரியும். பாவம், கற்றுக்கொள்கிறார் என்று விட்டுவிடுவார். இணைப்புச் சொல்லைத் தப்பாகப் போட்டால் வாக்கியம் உடைவதில்லை. இலக்கணப்படி முழுசாக, அழகாக நிற்கிறது. தப்பு இல்லாத வாக்கியத்தைத் தப்பு என்று எப்படி நினைப்பது? சொன்னவர் மனசில் இருப்பதே அதுதான் என்று எடுத்துக்கொள்வார்கள். முதல் வகைத் தப்பு செய்தவருக்கு ‘வெளிநாட்டுக்காரர்’ என்று பெயர். இரண்டாவது வகைத் தப்பு செய்தவருக்குத் ‘திமிர் பிடித்தவர்’ என்று பெயர். அந்தப் பெயர் எதனால் வந்தது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது, ஏனென்றால் யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள். திருத்துவதற்குத்தான் தப்பு ஒன்றும் இல்லையே!

கராவையும் நோதெவையும் பார்க்கலாம். ‘கரா சாதாரணம், நோதெ மரியாதை’ என்பது தேர்வு வழிகாட்டிகளில் அடிக்கடி கிடைக்கிற விளக்கம். இப்படிச் சொல்கிறவர்கள் டோக்கியோ ரயில் நிலையத்தில் நின்று ஒரு அறிவிப்பைக் காது கொடுத்துக் கேட்டதில்லை என்று அர்த்தம். வண்டி வரப்போகிறது, ஆபத்தாக இருக்கிறது, மஞ்சள் கட்டைக்கு உள்ளே தள்ளி நில்லுங்கள் என்கிற அந்த அறிவிப்பு முழுக்க முழுக்க மரியாதை நடையில் இருக்கும். நடுவில் ‘அபுனாய் தெஸு கரா’ என்று கரா உட்கார்ந்திருக்கும். எத்தனையோ ஆண்டுகளாகக் கோடிக்கணக்கான பயணிகளிடம் மரியாதை இல்லாமலா பேசிக்கொண்டிருக்கிறார்கள்?

நாகானோ மசாரு என்ற ஜப்பானிய இலக்கண அறிஞர் 1952-ல் இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு கட்டுரை எழுதினார். இன்றைக்கும் இந்த விஷயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். அவர் சொன்னதன் சாரம்: கராவில் காரணத்தையும் விளைவையும் முடிச்சுப் போடுகிறவர் பேசுகிறவர். நோதெவில் முடிச்சு ஏற்கெனவே வெளியே இருக்கிறது, பேசுகிறவர் சுட்டிக்காட்டுகிறார், அவ்வளவுதான். கரா என்ற சொல்லுக்கே ‘இருந்து’ என்ற இன்னொரு வேலை உண்டு, டோக்கியோ கரா என்றால் டோக்கியோவிலிருந்து. காரணம் என்கிற புள்ளியிலிருந்து பேசுகிறவர் கிளம்புகிறார் என்று வைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். அதனால்தான் ‘தரோ’ என்று ஊகத்தில் முடிகிற வாக்கியத்தோடு கரா ஒட்டும், நோதெ ஒட்டாது. ஊகம் பேசுகிறவருடையது, வெளியே கிடக்கிற பொருள் இல்லை. கட்டளைக்கு முன்னால் கரா இயல்பாக வருவதும் இதனால்தான். ஏன் லேட் என்று கேட்டால் ‘வண்டி நின்றது கரா தெஸு’ என்று வாக்கியத்தை முடிக்கலாம், நோதெ போட்டு அப்படி முடிக்க முடியாது.

நாகானோவுக்குப் பிறகு வந்தவர்கள் அவர் கோட்டில் நிறைய ஓட்டை காட்டியிருக்கிறார்கள். மரியாதையான வேண்டுகோளுக்கு முன்னால் நோதெ தாராளமாக வருகிறது, அதெல்லாம் உண்மை. ஆனால் அவர் தொட்ட நரம்பு சரியான நரம்பு. மன்னிப்புக் கேட்கிற இடத்தில் கரா போட்டால் ஏன் சாக்குப்போக்காக விழுகிறது? காரணத்தைக் கட்டி இழுத்து வந்து நிறுத்தியவர் மன்னிப்புக் கேட்க வேண்டியவரே என்பதால். நோதெ போட்டால் காரணம் தானாக அங்கே நிற்கிறது, இவர் தலை குனிந்து பக்கத்தில் நிற்கலாம். இதை ‘மரியாதை’ என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்தால் ரயில் நிலைய அறிவிப்பு விளங்காமல் போகும்.

தகரா இன்னும் மோசமான வழக்கு. பட்டியலில் அதற்கு ‘தேர்ஃபோர்’ என்று போட்டிருக்கும். தேர்ஃபோர் என்பது கணக்குப் பாடத்தில் தேற்றத்தின் கடைசி வரியில் வருகிற சாதுவான பிராணி. தகரா தெருவில் வளர்ந்த சொல். ஒரு தடவை சொன்னதை எதிராளி மறுபடி கேட்கும்போது, ‘தகரா!’ என்று ஆரம்பித்தால் அது ‘அதான் சொன்னேன்ல!’ என்பதே. ‘தகரா நானி?’ என்றால் ‘அதனாலென்ன இப்போ?’ மேலதிகாரியிடம் பேசும்போது தகராவில் வாக்கியத்தை ஆரம்பிக்கிறவர், ‘உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்க வேண்டுமே’ என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். தமிழில் ‘அதனால்’ வேறு, ‘அதான்’ வேறு என்பது நாலு வயசுக் குழந்தைக்குத் தெரியும். அந்தக் குழந்தை வளர்ந்து ஜப்பானிய வகுப்பில் சேர்ந்தால் தேர்ஃபோர் என்று எழுதிப் போடுகிறார்கள். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்றால் இதுதான்.

பட்டியலின் பெரிய அநியாயமே அது இங்கிலீஷ் பட்டியலாக இருப்பது. இங்கிலீஷில் இல்லாத ஒரு வித்தியாசத்தை இங்கிலீஷ் வழியாகச் சொல்லிக்கொடுக்க முடியாது. அதே வித்தியாசம் தமிழில் மலிந்து கிடக்கிறது, அதிலும் பேச்சுத் தமிழில். பேச்சுத் தமிழை வகுப்பறைக்குள் விடக் கூடாது என்று ஒரு பழக்கம் இருப்பதால் யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

குஸெனியை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கும் ஆல்தோதான் போட்டிருக்கும். குஸெனி என்றால் ஒருத்தரைக் கேவலமாகப் பார்க்கிற ஆல்தோ. ‘ஷித்தெயிரு குஸெனி’ என்றால் ‘தெரிஞ்சு வச்சுக்கிட்டே சொல்ல மாட்டேங்கிறான்’. அந்த ‘வச்சுக்கிட்டே’தான் குஸெனி. ‘ஒதோகோ நோ குஸெனி’ என்றால் ‘ஆம்பளையா இருந்துக்கிட்டு’ (அழுகிற பையன்களைப் பார்த்து ஜப்பானிலும் இப்படித் திட்டுகிற வழக்கம் உண்டு. திட்டுகிற விஷயத்தில் ஆசியா ஒன்று.) இன்னொரு நுட்பம், குஸெனிக்கு முன்னாலும் பின்னாலும் எழுவாய் ஒரே ஆளாக இருக்க வேண்டும். தெரிந்து வைத்திருப்பவனும் சொல்லாதவனும் ஒருத்தனே. ‘வச்சுக்கிட்டு’க்கும் அதே விதிதான்! இதை ஆல்தோவிலிருந்து எந்தக் காலத்தில் கண்டுபிடிப்பது?

அடுத்தது ஒகாகெதெ, ஸெய்தெ, தமெ. மூன்றும் காரணம். நல்லது நடந்தால் ஒகாகெதெ, கெட்டது நடந்து யார் மேலாவது பழி போட வேண்டுமானால் ஸெய்தெ, பழியும் வேண்டாம் நன்றியும் வேண்டாம் என்றால் தமெ. புயல் காரணமாக விமானம் ரத்து என்கிற அறிவிப்புக்குத் தமெ. ரயில் தாமதத்துக்கு ‘எய்க்யோ தெ’ என்பார்கள், தாக்கத்தால் என்று அர்த்தம். ரயில் கம்பெனி ஸெய்தெ என்று அறிவித்தால் பயணிகள் திரும்பிப் பார்ப்பார்கள், என்ன இது யாரையோ காட்டிக்கொடுக்கிறார்களே என்று. தமிழில் ஒகாகெதெவுக்கு அச்சு அசலாக ஒன்று இருக்கிறது: ‘உங்க புண்ணியத்துல’. ‘உங்க புண்ணியத்துல பையன் படிச்சு முடிச்சான்’. அதே சொல்லைத் திருப்பிப் போட்டு ‘உங்க புண்ணியத்துல வேலை போச்சு’ என்று குத்தவும் செய்யலாம். ஜப்பானியர்களும் ஒகாகெதெவை இப்படித் திருப்பிப் போட்டுக் குத்துகிறார்கள். ‘தேங்க்ஸ் டு’ என்று எழுதி வைத்தாலும் பரவாயில்லை, பல பட்டியல்களில் இதற்கும் ‘பிகாஸ் ஆஃப்’ :-(

நோனி. நடந்தது ஒன்று, எதிர்பார்த்தது இன்னொன்று, அதில் ஒரு மனக்குறை. 10 மணிக்கே வந்தாச்சு நோனி கடை திறக்கவில்லை. ‘கடையே திறக்கலியே’ என்பதன் அந்தக் கடைசி ஏகாரம்தான் நோனி செய்கிற வேலை. நோனிக்குப் பின்னால் கட்டளையோ வேண்டுகோளோ வராது. குறைபட்டுக்கொண்டிருக்கிற வாய் அதே மூச்சில் உத்தரவு போடாது என்று வைத்துக்கொள்ளலாம். ‘மழை பெய்யுது, இருந்தாலும் போய் வா’ என்று சொல்ல கெதோதான் வேண்டும். வாக்கியத்தின் முடிவிலும் நோனி வரும். ‘ஒரு போன் பண்ணியிருக்கலாமே’ என்று தமிழில் முடிப்பது போல. போன் பண்ணவில்லை என்பதை யாரும் சொல்லவில்லை, ஆனால் சொல்லியாகிவிட்டது. விருந்தாளி கையில் பழக்கூடையோடு வந்தால் ‘இதெல்லாம் எதுக்கு, சும்மா வந்திருக்கலாமே’ என்கிற உபசாரத்துக்கும் ஜப்பானில் இதே நோனிதான். ஆல்தோ கையில் இருக்கிறவர் இங்கே திருதிருவென்று முழிப்பார். பாதி வாக்கியம் எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருப்பார்.

‘ஷி’ என்று ஒன்று உண்டு. பட்டியலில் ‘அண்ட்’. மழை பெய்யுது ஷி, இன்றைக்கு வேண்டாம். தமிழில் சொன்னால் ‘மழை வேற பெய்யுது, இன்னிக்கு வேண்டாம்’. ஒரு காரணம் வெளியே, இன்னும் நாலு காரணம் உள்ளே இருக்கிறது என்கிற குறிப்பு அந்த ‘வேற’யில். தத்தெ என்பது பிகாஸும் பட்டும் ஒன்றாகச் சேர்ந்த சொல் என்பார்கள், இங்கிலீஷ்காரர்களுக்குப் பெரிய புதிர். தமிழ்க்காரருக்கு என்ன புதிர்? ஏண்டா அடிச்சே என்று கேட்டால் பையன் சொல்கிற ‘பின்னே என்ன, அவன்தான் முதல்ல அடிச்சான்’ என்பதில் வருகிற ‘பின்னே என்ன’தான் தத்தெ.

இனி ‘இஃப்’ நான்கு பேர். இங்கே பட்டியல் செய்கிற சேதம் அதிகம்.

தோ என்பது இயற்கைக்கும் இயந்திரத்துக்கும் வழி சொல்வதற்கும் ஆனது. இதைச் செய்தால் அது நடந்தே தீரும். பொத்தானை அமுக்கினால் டிக்கெட் வரும், இந்தத் தெருவில் நேராகப் போனால் ஸ்டேஷன். தானாக நடப்பதைச் சொல்கிற சொல்லாகையால் அதற்குப் பின்னால் ‘போன் பண்ணு’ என்று கட்டளை போட முடியாது. ‘ஸ்டேஷனுக்கு வந்தா போன் பண்ணு’ என்பதற்குத் தோ போடுகிற மாணவர்கள் எண்ணிக்கையில் அடங்க மாட்டார்கள். தரா போட வேண்டும். அவர்கள் மேல் குற்றமில்லை. இஃப் என்றால் இஃப்தானே என்று நினைத்தார்கள்.

தராவுக்கு இன்னொரு முகம் உண்டு. கதவைத் திறந்தேன், பூனை இருந்தது. இதை ஜப்பானியர் ‘திற’ என்பதோடு தரா சேர்த்துச் சொல்வார்கள். இஃப் என்று படித்தவர் ‘கதவைத் திறந்திருந்தால் பூனை இருந்திருக்கும்’ என்று புரிந்துகொண்டு நிற்பார். தமிழில் இதற்கு விளக்கமே வேண்டாம்: ‘கதவைத் திறந்தா, உள்ளே பூனை!’ நிபந்தனை உருபு நடந்து முடிந்த கதையில் வந்து உட்கார்ந்து ‘பார்த்தால் இப்படி’ என்ற திடுக்கிடலைத் தருகிறது. இரண்டு மொழியிலும் அதே உத்தி.

நரா வேறு ஜாதி. எதிரில் இருப்பவர் சொன்னதையோ நினைப்பதையோ எடுத்துக்கொண்டு, அப்படியானால் என்று தொடங்குவது. கியோட்டோவுக்கு ‘இகு நரா’ குடை வாங்கு என்றால் கிளம்பும் முன்பே வாங்கிவிடு. ‘இத்தரா’ குடை வாங்கு என்றால் அங்கே போய்ச் சேர்ந்து வாங்கு (கியோட்டோக் குடை பேர் போனது). எது முன், எது பின் என்பதே தலைகீழாகிறது. இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே இஃப். தமிழில் ‘கியோட்டோ போறதா இருந்தா’ ஒன்று, ‘கியோட்டோ போனா’ இன்னொன்று. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறார்கள்.

இதெல்லாம் அர்த்தம் இல்லை, வெறும் தொனி, அர்த்தம் எல்லாவற்றுக்கும் ஒன்றே என்று வாதிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. சர்வர் நின்றது, பைல் வரவில்லை, இரண்டும் நடந்திருந்தால் கரா வாக்கியமும் நிஜம், நோதெ வாக்கியமும் நிஜம், ஸெய்தெ வாக்கியமும் நிஜம். மெய், பொய் என்ற தராசில் வைத்தால் முள் அசையாது. தத்துவவாதி பால் கிரைஸ் 1967-ல் ஹார்வர்டில் நிகழ்த்திய உரைகளில் இதைத்தான் அலசினார். வாக்கியம் சொல்வது ஒன்று, அதில் உள்ள ‘ஆகவே’ போன்ற சொல் உணர்த்துவது இன்னொன்று, இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார். ஆனால் அவரே உணர்த்துவதையும் இரண்டாகப் பிரித்தார் என்பதை இந்தத் ‘தொனி’க் கட்சியினர் மறந்துவிடுகிறார்கள். சந்தர்ப்பத்தில் தோன்றி, வேண்டாமென்றால் விலக்கிக்கொள்ளக்கூடிய உணர்த்தல் ஒன்று. சொல்லோடு ஒட்டிப் பிறந்து, விலக்க முடியாதது இன்னொன்று.

முதல் வகைக்கு ‘பா’ நல்ல உதாரணம். மலிவாக இருந்தால் வாங்குவேன் என்றால், மலிவாக இல்லாவிட்டால் வாங்க மாட்டேன் என்று கேட்கிறவர் தானே முடிவு கட்டிக்கொள்கிறார். கைஸ், ஸ்விக்கி என்ற இரண்டு மொழியியலாளர்கள் 1971-ல் இதற்கு ‘அழைக்கப்பட்ட அனுமானம்’ என்று பெயர் வைத்தார்கள். அழைத்த விருந்தாளியை அனுப்பியும் வைக்கலாம்: ‘மலிவா இருந்தா வாங்குவேன், இல்லாட்டியும் வாங்குவேன்.’ சிரிப்பு வரும், முரண்பாடு வராது. குஸெனியில் இதைச் செய்து பாருங்கள். ‘தெரிஞ்சு வச்சுக்கிட்டே சொல்ல மாட்டேங்கிறான், ஆனா அவன் மேல எனக்குத் துளி வருத்தமும் இல்லை.’ யார் நம்புவார்கள்? அந்த ஏளனம் சொல்லின் மேல் பூசிய வர்ணம் இல்லை. சொல்லே அதுதான். அதைச் சொல்லித்தராமல் சொல்லை மட்டும் சொல்லித்தருவது, கத்தியைக் கொடுத்துவிட்டு எந்தப் பக்கம் கூர் என்று சொல்லாமல் விடுவது மாதிரி.

தேர்வைக் காட்டித் தப்பிக்கிறவர்கள் அதிகம். தேர்வுக்கு இவ்வளவு போதும் சார். ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 1984-ல் தொடங்கியது, 2010-லிருந்து என்1 முதல் என்5 வரை ஐந்து நிலை. சென்னையிலும் நடக்கிறது. பேச்சுக்கும் எழுத்துக்கும் அதில் தேர்வே கிடையாது, எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கிற கேள்விகள். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. 2010 மாற்றத்துக்குப் பிறகு தேர்வு நடத்துகிறவர்கள் சொற்பட்டியலோ இலக்கணப் பட்டியலோ வெளியிடுவதில்லை. ‘என்3 இலக்கணம் முழுத் தொகுப்பு’ என்று அட்டையில் அச்சடித்து விற்கிற புத்தகங்கள் எல்லாம் பதிப்பகங்களின் ஊகம். ஊகத்தைச் சட்டம் போல மனப்பாடம் செய்துவிட்டு, அதில் பாஸானதை மொழி தெரிந்ததற்குச் சான்றாகக் காட்டி, அந்தச் சான்றை நம்பி ஒருவரை வாடிக்கையாளருக்குப் பதில் எழுத உட்கார வைக்கிறார்கள்.

எதிர்த் திசையில் ஓடுகிறவர்களும் உண்டு. தமிழில் இத்தனை பொருத்தம் இருக்கிறதே, அப்படியானால் ஜப்பானிய மொழி தமிழிலிருந்து வந்தது என்று உடனே கொடி பிடிப்பார்கள். 2008-ல் மறைந்த ஓனோ ஸுஸுமு இந்த உறவை நிறுவப் பல ஆண்டு உழைத்தவர். மொழி வரலாற்று அறிஞர்களில் பெரும்பாலோர் அவர் முடிவை ஏற்கவில்லை. ‘வந்தாலும்’ என்பதில் நிபந்தனையோடு உம் சேர்கிறது, ஜப்பானிய ‘தெமோ’வில் வினையெச்சத்தோடு உம்மைக்கு நிகரான மோ சேர்கிறது, அருமையான ஒற்றுமைதான். கொரிய மொழியிலும் ‘கூட’ என்று பொருள்படும் ‘தோ’ இதே மாதிரி வினையெச்சத்தோடு சேர்ந்து இதே வேலையைச் செய்கிறதே? வினை கடைசியில் வருகிற மொழிகள் ஒரே மாதிரிப் பிரச்சினைக்கு ஒரே மாதிரி வழி கண்டுபிடிப்பதில் ஆச்சரியம் இல்லை. பக்கத்து வீட்டுச் சாவி நம் வீட்டுப் பூட்டைத் திறக்கிறது என்பதற்காகப் பக்கத்து வீட்டுக்காரர் சித்தப்பா ஆகிவிட மாட்டார். திறக்கிறதா, உபயோகப்படுத்திக்கொள்ளலாம். திறக்காத பூட்டும் நிறைய இருக்கிறது. ‘மன்னிக்கணும், ஸ்டேஷன் எங்கே?’ என்று கேட்க ஜப்பானியர் நடுவில் ‘கா’ போடுவார்கள். அந்த இடத்தில் தமிழில் சொல்லே கிடையாது. ‘ஆனால்’ போட்டால் ‘மன்னிக்கணும், ஆனா ஸ்டேஷன் எங்கே?’ என்று ஆகி, கேட்கப்பட்டவர் ஸ்டேஷனை ஒளித்து வைத்திருப்பது போல இருக்கும்.

இந்தக் கா, கெதோ, நோதெ மூன்றும் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தவும் பயன்படுகின்றன. ‘நாளைக்குக் கொஞ்சம் வேலை இருக்கு, நோதெ...’ என்று சொல்லி நிறுத்தினால் வர முடியாது என்று அர்த்தம். ‘வர முடியாது’ என்ற சொல் வாயில் வரவில்லை. இதைக் காட்டித்தான் ஜப்பானியர் எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள், பூசி மெழுகுவார்கள், அது தெளிவில்லாத மொழி என்று பயண நூல்களும் வியாபார வழிகாட்டிகளும் எழுதித் தள்ளுகின்றன. ஜப்பானிய இலக்கணக்காரர்கள் இதற்கு ‘ஈசாஷி’ என்று பெயர் வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள், ஷிராகாவா ஹிரோயுகி 2009-ல் இதற்கென்றே ஒரு புத்தகம் போட்டார். பாதியில் நின்றதாகத் தோன்றும் வாக்கியம் பெரும்பாலும் முழு வாக்கியம். காரணச் சொல் வந்துவிட்டது, எதற்குக் காரணம் என்பது அழைப்புக்குப் பதிலாகச் சொன்னதிலேயே இருக்கிறது, மிச்சம் என்ன வேண்டும்? கல்யாணத்துக்குக் கூப்பிட்டவரிடம் ‘அன்னிக்குப் பொண்ணுக்குப் பரீட்சை...’ என்று இழுக்கிற தமிழரைத் தெளிவில்லாதவர் என்று யாரும் எழுதவில்லை.

தெளிவில்லாத மொழி என்று சொல்கிறவர்கள் ஜப்பானியச் சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும். தமிழில் ‘அல்லது’ ஒன்று. இங்கிலீஷில் ‘ஆர்’ ஒன்று. ஜப்பானியச் சட்ட நடையில் இரண்டு: மதாவா, மொஷிகுவா. ஒரே அடுக்கில் தேர்வு என்றால் மதாவா. தேர்வுக்குள் தேர்வு வந்தால் வெளி அடுக்குக்கு மதாவா, உள் அடுக்குக்கு மொஷிகுவா. ‘மற்றும்’ என்பதற்கும் இரண்டு. உள்ளே ஒயோபி, வெளியே நராபினி. அடைப்புக்குறியே போடாமல் அடைப்புக்குறி போட்டு எழுதுகிற ஏற்பாடு இது. ‘அல்லது’வும் ‘மற்றும்’மும் ஒரே வாக்கியத்தில் நாலு தடவை வந்து, எது எதோடு சேரும் என்று வக்கீல்கள் அடித்துக்கொள்கிற மொழிகள் எத்தனை!

1907-ல் வந்த ஜப்பானியக் குற்றவியல் சட்டத்தின் 199-ஆம் பிரிவு கொலைக்கானது. தண்டனை: மரணம் மதாவா ஆயுள் மொஷிகுவா ஐந்தாண்டுக்குக் குறையாத சிறை. மூன்று தண்டனை வரிசையாகக் கிடக்கவில்லை. ஒரு பக்கம் மரணம், மறு பக்கம் சிறை, அந்தச் சிறைக்குள் ஆயுளா குறிப்பிட்ட காலமா என்பது இரண்டாவது கேள்வி. நீதிபதி முதலில் எந்த இடத்தில் பிரிய வேண்டும் என்பதை இரண்டு இணைப்புச் சொற்கள் சொல்லிவிடுகின்றன. 2025 ஜூன் முதல் கட்டாய வேலையோடு கூடிய சிறை, வேலையில்லாச் சிறை என்ற பழைய பிரிவினை போய், இரண்டும் ஒரே பெயருக்குள் வந்தன. 199-ஆம் பிரிவிலும் சிறையின் பெயர் மாறியது. மதாவாவும் மொஷிகுவாவும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.